மேகத்துக்கு மேலே பேசுகிறவர்

"இடப்பக்கம் பாருங்கள், மேகங்களுக்கு நடுவே ஆறு வெள்ளி நூலாய்த் தெரிகிறது," என்றது விமானியின் குரல்.

"கண்ணை மூடினா போதும், ஆரம்பிச்சிடுறாரு! இவரு பொண்டாட்டி பாவம், காதுல பஞ்சோடதான் குடும்பம் நடத்தணும். யாரு கேக்குறா இதையெல்லாம்?" என்று அலுத்துக்கொண்டார் பக்கத்து இருக்கைக்காரர்.

"நான் கேக்குறேன்," என்றாள் ஜன்னலோரப் பெண். அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. கண்மூடி, குரலில் மிதந்துகொண்டிருந்தாள்.

"அடிக்கடி வருவீங்களோ?"

"மாசா மாசம். இறங்கினதும் இதே விமானத்துல திரும்பிடுவேன்."

"அங்க ஒரு வேலையும் இல்லையா? அப்புறம் எதுக்கும்மா வர்றீங்க?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"ஓட்டுறவர் எங்க வீட்டுக்காரருங்க. குழந்தை போனதுலேர்ந்து வீட்டுல வாயே திறக்கிறதில்ல. இங்க பேசித்தானே ஆகணும்?"