அலகில் ஒரு கோடு

பழைய மடக்குக் கத்திகளைச் சீராக்கித் தருவது ரெஜினாளின் தொழில். அன்று சிதம்பரநாதன் என்ற சேகரிப்பாளர் ஒரு கொம்புப்பிடிக் கத்தியோடு வந்திருந்தார். அலகின் நுனியருகே சில்லு பெயர்ந்திருந்தது. "நாளைக்குக் கண்காட்சியில வைக்கணும். நுனியைக் குறைச்சுப் புதுசாக்கிடும்மா," என்று சொல்லி எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். ரெஜினாள் முதலில் உப்புத்தாளால் துருவைத் தேய்த்தாள். நுனிக்குச் சற்றுக் கீழே, அலகின் குறுக்கே, மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. லென்ஸை வைத்துக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னம்மா, விரிசலா?"

"இல்ல சார். இந்த நுனி வேற கத்தியோடது. யாரோ ஒட்டியிருக்காங்க."

அவரும் லென்ஸில் பார்த்தார். இரண்டு இரும்பும் கோத்த விரல்களைப் போல நுண்ணிய பற்களாகப் பின்னியிருந்தன.

"மெஷின்ல பண்ணதா?"

"ஒரு பல்லு மாதிரி இன்னொண்ணு இல்ல சார். கையால அறுத்தது. இத்தனை வருஷமா இதே வேலைதான் பாக்குறேன். இதை எப்படிச் செஞ்சாங்கன்னே எனக்குத் தெரியல."

அவர் கத்தியைத் திருப்பித் திருப்பித் தேடினார். எங்கும் ஒரு பெயரோ முத்திரையோ இல்லை.

"நுனியைக் குறைச்சா?"

"இந்த ஒட்டும் சேர்ந்து போயிடும்."

சிதம்பரநாதன் அந்தக் கோட்டை நகத்தால் வருடினார். நகத்தில் எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் வருடினார்.

"சில்லு போனது அப்படியே இருக்கட்டும்மா," என்றார், பக்கத்தில் யாரோ தூங்குவது போலக் குரலைத் தாழ்த்தி.