வாய் திறக்க வைக்கும் வேலை

பல் பிடுங்குவது, அடைப்பது, கம்பி கட்டுவது எல்லாவற்றையும் இயந்திரக் கையே பார்த்துக்கொள்ளும் காலத்தில், பல் மருத்துவத்தில் மனுஷருக்கு மிஞ்சியிருந்தது ஒரே வேலை: வந்தவரை வாய் திறக்க வைப்பது. பிளஸ் ஒன் படிக்கும் தமயந்திக்கு அதன்மேல்தான் ஆசை. பல் ஆஸ்பத்திரிக்குப் பள்ளிக்கூடம் அனுப்பிவைத்த ஒருநாள் பயிற்சியில், சாயங்காலத்துக்குள் ஒரு வாயையாவது திறக்க வைத்தால்தான் அந்த வேலைக்கான படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும்.

மதியம் வரை, "பயப்படாதீங்க, வலிக்கவே வலிக்காது" என்று தேனாகப் பேசிப் பார்த்தாள். வந்தவர்கள் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மூன்று மணிக்கு அவள் தெருவில் குடியிருக்கும் வடிவு அத்தை வந்து சேர்ந்தாள். தெருவில் மூடியே பார்த்திராத வாய், நாற்காலியில் சாய்ந்ததும் பூட்டிக்கொண்டது. கன்னம் மட்டும் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

தமயந்தி பயிற்சிப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அத்தே, நம்ம ராசாமணி மாமா வீட்டுக் கல்யாணம் நின்னுபோச்சாமே? மாப்பிள்ளை வேண்டாம்னுட்டானாம்."

தப்பான சேதியை அத்தையால் பொறுக்க முடியுமா? நம்மாலேயே முடியாதே!

"எவடி சொன்னா? வேண்டாம்னது பொண்ணுடீ! அதுவும் எதுக்குன்னா..."

இயந்திரக் கை உள்ளே நுழைந்தது. ஐந்தே நிமிடத்தில் கடைவாய்ப் பல் தட்டில் கிடந்தது; தமயந்தியின் கடிதமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

அத்தையோ நாற்காலியை விட்டு இறங்கவில்லை. மரத்துப்போன நாக்கோடு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினாள். வெளியே காத்திருந்த மூன்று பேரும், கூப்பிடாமலே எழுந்து, வாயைப் பிளந்தபடி உள்ளே வந்தார்கள்.