வெறுந்தலை

கால்வாய்த் தண்ணீர் மீது மாலை வெயில் அசையாமல் படுத்திருக்கிறது. கரைக்கு அந்தப் பக்கம் அறுத்துப்போட்ட வயல்கள். கொத்தனாரும் அவர் மனைவியும் மண்பாதையில் நடக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சாந்துச்சட்டி சுமக்கிற சித்தாள் அவள்தான். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலையில் சுமை ஏற்றினால் கை விளங்காமல் போகும் என்று சொன்ன டாக்டர், காற்றாட நடக்கச் சொல்லியிருக்கிறார். அவளும் நடக்கிறாள். ஆனால் சாரப்பலகையில் ஏறுகிற அதே நடை. முதுகு விறைத்திருக்கிறது, பார்வை நேரே குத்திட்டு நிற்கிறது, பாதம் மட்டும் தரையைத் தடவுகிறது. பாதைக்குக் குறுக்கே, அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, ஒரு கிளை நீண்டிருக்கிறது. ஒரு கையை உயர்த்தி, இல்லாத சட்டியைப் பிடித்தபடி முழங்காலை மடக்கித் தாழ்ந்து கடக்கிறாள்.

கொத்தனார் வாய்விட்டுச் சிரிக்கிறார். "தலையில என்னடி இருக்கு, இப்படித் தாழ்ந்து போற?"

"உன் கொழுப்புதான்யா இருக்கு. எத்தனை வருஷமாச் சுமக்கிறேன்!"

உயர்ந்த கை இறங்க நேரமாகிறது. அவர் சிரிப்பு அடங்குகிறது. "நாளைக்கு வேலைக்கு வராத. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"வீட்டுல உக்காந்து செவுத்தப் பாக்கவா?"

"பாரேன். நான் பூசின செவுருதானே."

எதிர்க்கரையிலிருந்து ஒரு கொக்கு எழும்புகிறது. "அங்க பாரு" என்று வானத்தைக் காட்டுகிறார். அவளால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. உடம்பை முழுசாகத் திருப்பிக் கரையோரம் போய் நிற்கிறாள். தண்ணீருக்குள் வெள்ளையாக அது பறந்து போவதைக் கடைசிவரை பார்க்கிறாள்.

"மேஸ்திரிகிட்ட நீ சொல்ல வேணாம்யா" என்கிறாள். "நானே சொல்லிக்கிறேன்."