அடிவாரத்தில் ஒரு சைக்கிள்

மலையடிவாரத்தில், முதல் படிக்கு முன்னால், முனிரத்தினம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான். யுத்தம் முடிந்த மறு வருஷத்துச் சித்திரை வெயில் திருத்தணிப் பாறைகளில் பட்டுக் கண்ணில் தெறிக்கிறது. மேலே எங்கோ காவடி மணிகள் குலுங்குகின்றன. அச்சாபீஸில் லீவு சொல்லிவிட்டுப் பட்டணத்திலிருந்து புறப்பட்டு, கோயில் ஊர்களாகச் சுற்றிப் பதினோரு நாள் ஆகிறது. இங்கே கடைத்தெருவையும் குளத்தையும் காலையிலேயே பார்த்தாயிற்று, மலைதான் பாக்கி. சைக்கிள் பூட்டு காஞ்சிபுரத்திலேயே உடைந்துவிட்டது. குடும்பமாக வந்தவர்கள் மூட்டைக்குக் காவலாக ஒருவரைக் கீழே உட்காரவைத்துவிட்டு ஏறுகிறார்கள். அவனுக்கு உட்காரவைக்க ஆள் இல்லை. கற்பூரம் விற்கும் எல்லம்மாள் கூடையிலிருந்து தலையைத் தூக்குகிறாள்.

"கூட யாரும் வரலியா நைனா?"

"இல்லம்மா. நான் மட்டுந்தான்."

"ஆங், அப்டி செவுத்துல சாத்து. நான் பாத்துகினு இருக்கேன். போய்ட்டு வா."

சாத்திவிட்டு முதல் படியில் கால் வைக்கிறான். வைத்த கால் அங்கேயே நின்றுவிடுகிறது. எங்கே போகிறாய் என்று ஊருக்கு ஊர் கேட்டிருக்கிறார்கள். போய்ட்டு வா என்று ஒருவரும் சொல்லவில்லை. வாடகை அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய அன்றும் சொல்ல ஆளில்லை. பின்னால் எல்லம்மாள், பள்ளிப்பட்டிலிருந்து வந்த புருஷன் பெண்சாதியிடமும் அதே குரலில், "போய்ட்டு வாங்க" என்கிறாள். எல்லோருக்கும் சொல்வதுதான். தெரிந்தும் அவன் திரும்பி, "போய்ட்டு வர்றேம்மா" என்கிறான். கற்பூரப் பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கும் அவள் காதில் அது விழவில்லை. இன்னொரு தரம், கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டு, ஏறத் தொடங்குகிறான்.