ஈரம் காயும்வரை

சிமெண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும்போதே சடையப்பன் செத்துப்போனார். தூசியோடு வீட்டுக்கு வந்த உடலைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை.

“கூடத்தில் கசிவு. ஈரம் காயும்வரை தண்ணீர் நிறுத்தப்படுகிறது” என்றது, கசிவு கண்டால் தானே குழாயை மூடிவிடும் வீட்டுச் சுவர்.

கூடத்தில் பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து தரை நனைய அழுதுகொண்டிருந்தார்கள்.

“அழுகைய நிறுத்துங்கடி. மனுசன இப்படியே சிமெண்டோடவா அனுப்புறது?” என்றாள் மனைவி பூவாயி. யாராலும் நிறுத்த முடியவில்லை.

“அவரு செஞ்ச கெட்டத நெனைங்க, தானா நிக்கும்” என்றாள் எதிர்வீட்டு மங்கை. “எங்க சேவல அடிச்சுத் தின்னுட்டு, நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சத்தியம் பண்ணாரு.”

“குடிச்சிட்டு வந்து என் கல்யாணப் பந்தல்ல படுத்துக்கிட்டாரு” என்றாள் கொழுந்தியாள்.

ஆளாளுக்குத் திட்டினார்கள். கண்கள் காய்ந்தன, தரையும் காய்ந்தது. குழாயில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

குடம் பாதி நிறைந்தபோது வெளியூரிலிருந்து மகள் வேம்பு ஓடிவந்தாள். பூவாயி அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“குளிப்பாட்டி முடியட்டும்டி, அழுவாத. அதுவரைக்கும் அப்பன் உன்ன அடிச்சத நெனைச்சுக்க.”

வேம்பு யோசித்துப் பார்த்தாள்.

“அப்பா என்ன ஒருநாளும் அடிச்சதில்லையேம்மா.”

பூவாயி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கூடமும் சேர்ந்து அழுதது.

குழாய் நின்றுபோனது.