ஆறாவது வரி

மலர்க்கொடிக்கு முரளிதரன் மேல்தான் சந்தேகம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில், இணையத்தில் வெளியாகும் கணிதக் கட்டுரைகளை ஒழுங்குபடுத்துவது அவர்கள் இருவரும்தான். ஒரு கணக்கின் எட்டு வரிகளிலும் சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். அவள் அப்படி நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். காலையில் வந்து பார்த்தால் ஆறாவது வரி மட்டும் வலப்பக்கம் ஓர் எழுத்து நகர்ந்திருக்கும். இது நான்காவது நாள். இன்னொரு தடவை பிசகினால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"நீங்கதானே தள்ளி வைக்கிறீங்க?"

"சத்தியமா நான் அதைத் திறக்கவே இல்லைங்க."

அவள் விடவில்லை. சாயங்காலம் வரியைச் சரிசெய்து, பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தாள். சமக்குறிகள் வழியாக ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு கிழித்து, அடியில் முரளிதரனைக் கையெழுத்துப் போட வைத்தாள். தாளைப் பையில் போட்டு எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் திரையில் ஆறாவது வரி மறுபடி நகர்ந்திருந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று தாளை உருவி அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் தாளையே பார்த்தான். அவளும் குனிந்து பார்த்தாள். கோடு இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஏழு சமக்குறிகள் கோட்டிலேயே நின்றன. ஆறாவது வரி மட்டும் கோட்டைத் தாண்டி, தாளின் ஓரம்வரை போயிருந்தது. அதன் கடைசி எண், அந்த ஓரத்தைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

"விரலை எடுங்க, பாப்போம்" என்றான் முரளிதரன்.

அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த எண் தாளை விட்டே போய்விடுமோ என்று இன்னும் அழுத்திப் பிடித்தாள்.