நுரை

கணவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து மாட்சா டீயை நானேதான் போட்டுக்கொள்கிறேன். பச்சைத் தூளைச் சலித்து, வெந்நீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, மூங்கில் மத்தால் அடிப்பேன். என் கைக்கு நுரை மட்டும் வருவதில்லை. அவர் நுரை பொங்க அடித்துவிட்டு, மத்தைக் கிண்ணத்தின் விளிம்பில் மூன்று முறை தட்டுவார். "உடைஞ்சா நீங்கதான் வாங்கித் தரணும்" என்று தினமும் திட்டுவேன்.

இன்று காலை வெந்நீர் ஊற்றியதும் மகள் போன் செய்தாள். சிக்னல் கிடைக்கும் படுக்கையறைக்கு வந்து பேசினேன்.

"பேசும்போதாவது அதைக் கலக்காம இரேன்மா. ஒண்ணுமே கேக்கல."

ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கை மடியில் சும்மா கிடந்தது.

சமையலறையில் கிண்ணத்தை மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது.

"இப்போ கேக்குதும்மா. சொல்லு" என்றாள் மகள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுறியா?" என்றேன்.